தரங்கம்பாடிக்கு ஒரு ராத்திரி: நீலகிரிக்காரர்களுக்கான வழிகாட்டி

நீலகிரியிலிருந்து அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் திருக்கடையூர் போகிற குடும்பங்கள் ஏராளம். வேன் பிடித்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடி போய், அமிர்தகடேசுவரர் சன்னிதியில் மாலை மாற்றி, அபிராமியைக் கும்பிட்டு, இலைச் சாப்பாடும் முடிந்த பிறகு, "பக்கத்துலதான் கடல் இருக்காமே" என்று யாராவது சொன்னால் வண்டி தரங்கம்பாடிக்குத் திரும்பும். உச்சி வெயில். கோட்டைக்கு முன்னால் ஒரு குரூப் போட்டோ, பிள்ளைகள் கால் நனைக்க ஐந்து நிமிஷம், ஆளுக்கு ஓர் இளநீர். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். ஊருக்கு வந்ததும், "அங்கே என்ன இருக்கு, ஒரு பழைய கோட்டை, அவ்வளவுதான்" என்பார்கள்.

அவர்கள் போன நேரம் அப்படி. அந்த வெயிலில் உள்ளூர்க்காரர்களே தெருவில் நடமாடுவதில்லை. தரங்கம்பாடியைப் பார்க்க உகந்தது விடியற்காலையும் சாயங்காலமும். இரண்டும் கிடைக்க வேண்டுமென்றால் ஒரு ராத்திரி தங்கியாக வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கூட்டிக்கொள்ளலாம். கடலை இதுவரை பார்க்காதவர்கள் இதற்கென்றே கிளம்பலாம். நம் ஹட்டிகளிலும் எஸ்டேட் லைன்களிலும் அப்படிப்பட்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த மாதம் போகலாம்

பொங்கல் கழிந்ததிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. ஊட்டியில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் அந்த நாட்களில் சோழ மண்டலக் கடற்கரை சுகமாக இருக்கும். மலையில் பிறந்த உடம்புக்குச் சமவெளி தாங்குகிற காலம் அது ஒன்றுதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையும் புயல் சின்னங்களும் அந்தக் கரையைத்தான் குறிவைக்கும். அதே மழையில் நம் பக்கம் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்து மரம் விழும். இறங்குவதும் பாடு, ஏறுவதும் பாடு. ஏப்ரல், மே மாதங்களில் நமக்கு சீசன். டாக்சி, ஓட்டல், கடை என்று பிழைப்பவர்கள் அப்போது நகர முடியாது. நகர முடிந்தாலும் அங்கே கத்திரி வெயில். போதாதற்கு, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சிறு படகுகள் மட்டும் போய் வரும். மீன் சாப்பிடவும் ஏலம் பார்க்கவும் போகிறவர்களுக்கு அது சரியான காலம் இல்லை.

இறங்குகிற வழி

சுலபமானது ரயில். கோவையிலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் ஜன் சதாப்தி, செவ்வாய் தவிர மற்ற நாட்களில் காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பும். ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மதியம் மயிலாடுதுறை சேரும். முழுக்க உட்கார்ந்து போகிற வண்டி, முன்பதிவு அவசியம். இதில் நமக்குள்ள ஒரே சிக்கல் அந்தக் காலை நேரம்தான். ஊட்டியிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ விடியலில் பஸ் ஏறி அந்த ரயிலைப் பிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். முதல் நாள் சாயங்காலமே இறங்கி, கோவையில் சொந்தக்காரர் வீட்டிலோ ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜிலோ படுத்துக்கொள்ளுங்கள். மலை இறங்கும்போது காது அடைக்கும், சிலருக்கு வாந்தி வரும். அதெல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும். மறுநாள் பயணம் லேசாகிவிடும்.

ரயிலில் கரூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். காவிரி கூடவே வரும். தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை வரை கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையான வயல். எங்கே பார்த்தாலும் சரிவாகவே பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை.

மயிலாடுதுறை பஸ் நிலையத்தில் தரங்கம்பாடி அல்லது பொறையார் போகும் பஸ்ஸைக் கேளுங்கள். சுமார் 30 கிலோமீட்டர். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் போகும். ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் ரயிலே ஓடியது, 1980களில் நிறுத்திவிட்டார்கள். மறுபடி விட வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது.

சொந்த வண்டியில் போகிறவர்கள் கோவை, கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று அதே தடத்தில் போகலாம். டிஎன் 43 பலகையைப் பார்த்தால் டீக்கடைக்காரர் கட்டாயம் கேட்பார், "ஊட்டியா? அங்கே இப்ப குளிரா?" பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்வரை அந்தக் கேள்வி ஓயாது.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஸ்வெட்டர், குல்லா எல்லாம் கோவை வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவை சுமை. பருத்தித் துணி, குடை, தொப்பி, ஆளுக்கு ஒரு துண்டு, மணலில் போட்டு நடக்க ரப்பர் செருப்பு. கடற்கரை வெயிலில் நம் பிள்ளைகளின் கன்னம் ஒரே நாளில் கன்றிவிடும். வெயிலுக்கான கிரீம் எடுத்துப் போங்கள். கொசுவத்தி மறக்க வேண்டாம். மலையில் கொசு குறைவு என்பதால் இது ஞாபகத்துக்கே வராது.

அங்கே வியர்வை காயவே காயாது. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மோரும் இளநீரும் எங்கும் கிடைக்கும். மாடிப்படி மாதிரி தேயிலைச் சரிவுகளில் நாளெல்லாம் ஏறி இறங்குகிறவர்கள்கூட மணலில் கால் மணி நேரம் நடந்தால் சோர்ந்துபோவதைப் பார்க்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அது வேறு தசை, வேறு காற்று. பெரியவர்களை மதியம் கட்டாயம் படுக்க வையுங்கள்.

ஒரு சின்ன யோசனை: டீத்தூள் கொஞ்சம் எடுத்துப் போங்கள். அது காபி ராஜ்ஜியம். கும்பகோணம் தாண்டியதும் டிகிரி காபியைத்தான் குடிக்க வேண்டும், நன்றாகவும் இருக்கும். ஆனால் டீயைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

தங்குவது எங்கே

தரங்கம்பாடி சிறிய ஊர், அறைகள் கொஞ்சம்தான். கடற்கரையை ஒட்டி அரசின் சுற்றுலா விடுதி இருக்கிறது. பழைய காலத்து மாளிகைகள் சிலவற்றையும் புதுப்பித்து விடுதிகளாக்கியிருக்கிறார்கள், வாடகை கூடுதல். சனி, ஞாயிறு என்றால் முன்கூட்டிச் சொல்லிவைக்காமல் போகாதீர்கள். அறை கிடைக்காவிட்டால் திருக்கடையூரில் தங்கலாம். கல்யாணக் கூட்டத்துக்காகவே அங்கே லாட்ஜுகள் நிறைய. ஆனால் அங்கே தங்கினால் விடியற்காலையில் எட்டு கிலோமீட்டர் வர வேண்டும். கையில் வண்டி இல்லையென்றால் சூரிய உதயம் போய்விடும்.

முதல் சாயங்காலம்: வாசலிலிருந்து கடல் வரை

மதியம் ஓய்வெடுத்து, நான்கரை மணிக்கு மேல் வெளியே வாருங்கள். ஆட்டோவில் நேராகக் கோட்டைக்குப் போய் இறங்க வேண்டாம். ஊரின் மேற்கு முகப்பில் ஒரு வெள்ளை வாசல் நிற்கிறது. அங்கே இறங்கி நடங்கள். இந்த ஊரின் கதை அந்த வாசலிலிருந்து கடலை நோக்கி நடந்தால்தான் வரிசையாகப் புரியும்.

வாசலில் 1792 என்ற ஆண்டைப் பார்ப்பீர்கள். அது பிறகு எடுத்துக் கட்டியது. ஊரைச் சுற்றி மதில் எழுந்தது அதற்கும் நூறு ஆண்டுக்கு மேல் முந்தி. அந்த மதிலுக்குப் பின்னால் ஒரு விசித்திரமான கதை இருக்கிறது.

1616இல் டென்மார்க்கில் ஒரு கிழக்கிந்திய கம்பெனி தொடங்கினார்கள். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் மிளகில் கொழிப்பதைப் பார்த்து வந்த ஆசை. ஓவ கெத்த என்ற இளம் தளபதி கப்பல்களோடு வந்து, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருடன் 1620 நவம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டார். இந்தக் கடலோரக் கிராமமும் கோட்டை கட்ட அனுமதியும் டேனிஷ்காரர்களுக்குக் கிடைத்தன. டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் முதன்முதலாக நீலகிரி ஏறியது 1819இல். அப்போது தரங்கம்பாடிக் கோட்டைக்கு வயது ஏறக்குறைய இருநூறு. ஊட்டி பங்களாக்களைப் பழைய கட்டடம் என்று காட்டிப் பெருமைப்படுகிற நாம் அங்கே போய்க் கொஞ்சம் அடக்கி வாசிக்கத்தான் வேண்டும்.

சரி, மதிலுக்கு வருவோம். வியாபாரம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. டென்மார்க் போர்களில் சிக்கிக்கொண்டது. 1639க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. இருந்தவர்கள் செத்தும் ஓடியும் போக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரணச் சிப்பாய் தலைமை ஏற்றார். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, வங்கக் கடலில் போகிற கப்பல்களைப் பிடித்து, அந்த வருமானத்தில் கோட்டையைக் காப்பாற்றினார். ஊரைச் சுற்றி மதில் கட்டியவரும் அவர்தான். 1669இல் ஒருவழியாகக் கப்பல் வந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி இறங்காமல் இருந்தது. சம்பளமும் இல்லை, கேட்பாரும் இல்லை. அந்த மனிதர் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

வாசல் தாண்டினால் நீளும் தெருவுக்கு ராஜா வீதி என்று பெயர். அகலமான திண்ணைகள், தடித்த தூண்கள், காரைச் சுவர்கள். சீயோன் ஆலயம் 1701இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. புதிய எருசலேம் ஆலயம் தமிழர் சபைக்காக 1718இல் எழுந்தது, சிலுவை வடிவக் கட்டடம். அதன் முகப்பில் டென்மார்க் அரசரின் முத்திரையைக் காணலாம். உள்ளே அதைக் கட்டிய சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது.

இந்த மனிதருக்காகக் கொஞ்சம் நில்லுங்கள். பர்த்தலோமேயு சீகன்பால்கு ஜெர்மானியர். டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனரியாக, ஹென்றி புளுட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கினார். அரசர் அனுப்பியும், உள்ளூர் டேனிஷ் அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஒரு தகராறில் கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்தே வைத்தார்கள். அவர் தமிழ் கற்றது திண்ணைப் பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி. பிறகு அச்சுக்கூடம் வந்தது. ஜெர்மனியிலிருந்து வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. அதனால் பக்கத்துப் பொறையாரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், காகித ஆலையும் வைத்தார்கள். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. தமிழில் முதல் அச்சு இது என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. 1578இலேயே போர்த்துக்கீசியர் கொல்லத்தில் தமிழ் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் விடாமல் நடந்த அச்சுக்கூடம் என்ற பெருமை தரங்கம்பாடிக்கு உண்டு. சீகன்பால்கு 1719இல் இறந்தபோது வயது 36.

அவர் வாழ்ந்த இடத்தில் அருங்காட்சியகம் அமைத்து, பழைய அச்சு முறைகளைக் காட்டுகிறார்கள். அதை மறுநாள் வெயில் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜா வீதி முடிகிற இடத்தில் திடல் விரியும். அன்றைக்குச் சிப்பாய்கள் அணிவகுத்த இடம், இன்றைக்குப் பையன்களின் கிரிக்கெட் மைதானம். ஒரு பக்கம் புதுப்பித்த கவர்னர் மாளிகை, எதிரே டேன்ஸ்போர்க் கோட்டை, அதற்குப் பின்னால் கடல். சாயங்காலம் கோட்டைச் சுவரில் மஞ்சள் வெளிச்சம் விழும்போது போட்டோ எடுப்பவர்களின் கூட்டம் சேரும். கோட்டை மூடுவதற்குள் உள்ளே போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம். இப்போது கடற்கரையில் உட்காருங்கள். காற்று ஆளைத் தள்ளும். சூரியன் நமக்குப் பின்னால் மறையும், கடலில் அல்ல. கிழக்குக் கரையில் அஸ்தமனத்தைத் தேடி ஏமாற வேண்டாம்.

இந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம், இழுத்து மூச்சு விட்டால் உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. ஓசோனை உண்மையிலேயே இழுத்தால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். காற்று நன்றாக இருக்கிறது. அந்த மட்டில் அனுபவியுங்கள்.

விடியற்காலை: கோயிலும் குப்பமும்

ஐந்தே முக்காலுக்குக் கரையில் இருக்க வேண்டும். தொட்டபெட்டாவில் சூரிய உதயம் பார்க்கப் போய் மேகத்தை மட்டும் பார்த்துத் திரும்பிய அனுபவம் நம்மில் எல்லோருக்கும் உண்டு. இங்கே மாசி மாதத்தில் அந்தக் கவலை குறைவு. வெளிச்சம் வந்ததும் கோட்டைக்கு வடக்கே கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது ஊராக இருந்ததற்கு இந்தக் கோயில்தான் சாட்சி. பழைய கோயிலின் பெரும் பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கத்தான் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். இப்போது கோயிலைத் திருப்பணி செய்து வைத்திருக்கிறார்கள். அலைச் சத்தத்தோடு சாமி கும்பிடலாம்.

அதற்கு வடக்கே மீனவர் குடியிருப்பு. கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் இந்த ஊரின் உயிரைப் பார்க்காமலே போகிறார்கள். நாயக்கர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் வந்து போய்விட்டார்கள். கடலுக்குப் போகிறவர்கள் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

கட்டுமரம் இப்போது அபூர்வம். பெரும்பாலும் ஃபைபர் படகுகள். நள்ளிரவுக்கு மேல் கிளம்பியவர்கள் காலையில் திரும்புவார்கள். படகு கரையைத் தொட்டதும் வேலை தடதடவென்று நடக்கும். வலையைக் கரையில் போட்டு மீனைப் பிரிப்பார்கள், கூறு கூறாக வைப்பார்கள், ஏலம் ஆரம்பிக்கும். தேயிலை ஏலம் தெரிந்தவர்களுக்கு இந்த வேகம் மலைப்பாக இருக்கும்: எழுத்து இல்லை, கணினி இல்லை, ஒருவர் தொகையைக் கூவிக்கொண்டே போக, சுற்றி நிற்கும் பெண்கள் தலையசைப்பிலும் ஒரு சொல்லிலும் முடித்துவிடுவார்கள். எடுத்த மீனை அன்னக்கூடையில் போட்டு ஐஸைக் கொட்டி, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும் அவர்கள்தான்.

பார்க்கப் போகிறவர்கள் சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். காய்கிற வலையை மிதிக்காதீர்கள், செருப்புக் காலோடு தாண்டாதீர்கள். படகு தள்ளும்போது குறுக்கே நிற்காதீர்கள். கூப்பிட்டால் கை கொடுங்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். "அண்ணே, இது என்ன மீனு?" என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். வஞ்சிரம், சங்கரா, கிழங்கான், நெத்திலி, காரப்பொடி, வாளை என்று பெயர்களைப் பிள்ளைகள் அரை மணியில் கற்றுக்கொள்வார்கள்.

சுனாமி பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் குப்பத்தில் மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே ஒரு நிமிஷம் நின்றால் போதும். கரையிலிருந்து தள்ளிப் புதிய வீடுகள் வரிசையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். பழைய தெருக்களில் பல வீடுகளைப் பழுதுபார்த்துக் காப்பாற்றும் வேலையும் அதற்குப் பிறகே வேகம் பிடித்தது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன் வாங்குவதாக இருந்தால், சமைத்துத் தருவார்களா என்று தங்குமிடத்தில் முதல் நாளே கேட்டுவையுங்கள். மலைக்கு வருவதெல்லாம் ஐஸில் தூங்கி வந்த மீன். அதையே பார்த்துப் பழகியதால் புது மீனைக் கண்டுபிடிக்க நமக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். கண் தெளிவாக, பிதுங்கியபடி இருக்கும். செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு. விரலால் அழுத்திய பள்ளம் உடனே எழும்பும். நாற்றமே வராது, கடல் வாசனைதான் வரும்.

கடலில் கால் வைப்பது

மலைப் பிள்ளைகளுக்கு ஆற்று வெள்ளம் தெரியும், அட்டை தெரியும், காட்டெருமையைக் கண்டால் எப்படி ஒதுங்குவது என்றும் தெரியும். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இது குளிக்கிற கடற்கரை இல்லை. கோட்டைக்கு எதிரே கரை நெடுகப் பாறைகள். அவற்றில் பாசி வழுக்கும். தண்ணீருக்கு அடியிலும் கற்களும் பழைய கட்டட இடிபாடுகளும் உண்டு. பாறை இல்லாத மணல் பகுதியில் முழங்கால் வரை மட்டும் இறங்குங்கள். அலை வரும்போது பயமாக இருக்கும், ஆனால் ஆபத்து அது திரும்பும்போதுதான். காலுக்கு அடியில் மணலை அரித்துக்கொண்டு உள்ளே இழுக்கும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்க வேண்டாம். குழந்தையின் விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். யாரையாவது இழுத்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் மீனவர்களைக் கூப்பிடுங்கள். கடல் ஒரு மாதிரி இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும், அன்றைக்கு இறங்கக் கூடாது.

வெயில் நேரம்

பத்து மணிக்கு மேல் சுவருக்குள் போய்விடுங்கள். கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைக் கணக்கில் வைத்துப் பயணத்தை அமையுங்கள். பீங்கான், காசு, சுடுமண் பொருள்கள், ஆயுதங்கள், பழைய ஆவணங்கள் என்று சின்னச் சேகரிப்பு. அதைவிட எனக்குப் பிடித்தது கட்டடமே. கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும். மிளகும் துணியும் சாராயமும் அடுக்கிய வளைவுக் கூடங்கள். மேல்தளத்தில் கவர்னர் இருந்த அறைகள். அங்கே கடலைப் பார்த்த ஜன்னலோரம் காற்று வந்துகொண்டே இருக்கும், பெரியவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம்.

1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1846இல், பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு நம் கேத்தியில் வந்து உட்கார்ந்தது. பிறகு ரயிலும் கப்பலும் நாகப்பட்டினம் பக்கம் போக, தரங்கம்பாடி தூங்கிப்போனது. அந்தத் தூக்கத்தால்தான் தெருக்கள் இடிபடாமல் பிழைத்தன என்று நினைக்கிறேன். பணம் புழங்கியிருந்தால் எல்லாம் காங்கிரீட் ஆகியிருக்கும். நம் ஊர்களில் நடப்பதைப் பார்க்கிறோமே.

கோட்டை முடித்து, சீகன்பால்கு அருங்காட்சியகம், நேரம் இருந்தால் கடல்சார் அருங்காட்சியகம். பிறகு மீன் சாப்பாடு, படுக்கை. மாலைவரை வேறெதுவும் வேண்டாம்.

கூடுதலாக அரை நாள் இருந்தால்

முதல் தேர்வு தில்லையாடி. ஆட்டோவில் சில நிமிஷங்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை போய், விடுதலையான சில நாளிலேயே 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் குடும்ப ஊர் இது. அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. காந்தி 1915இல் தேடி வந்து பார்த்துவிட்டுப் போனார். நினைவு மண்டபமும் நூலகமும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

வடக்கே பூம்புகார், தெற்கே காரைக்கால்; இரண்டுக்கும் பஸ் உண்டு. காரைக்காலில் காரைக்கால் அம்மையார் கோயிலைப் பார்க்கலாம். அது புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பாட்டில் வாங்கி வண்டியில் வைக்கிறவர்கள் எல்லைச் சோதனைச் சாவடியில் மாட்டுவார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

திரும்புவதும் கருவாடும்

ஜன் சதாப்தி மயிலாடுதுறையில் பிற்பகல் மூன்று மணியை ஒட்டிக் கிளம்பி, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கோவை சேரும். தரங்கம்பாடியிலிருந்து பன்னிரண்டு மணிக்கே பஸ் ஏறிவிடுங்கள். கோவையில் இறங்கி அந்த ராத்திரியே மலையேற நினைக்காதீர்கள். களைத்த ஓட்டுநர், பனிமூட்டம், பர்லியாருக்கு மேல் யானை என்று எதுவும் நமக்குத் தெரியாததில்லை. படுத்துவிட்டுக் காலையில் ஏறுங்கள். ஏறும்போது ஸ்வெட்டர் பையின் மேலேயே இருக்கட்டும்.

கருவாடு வாங்காமல் யாரும் திரும்பப்போவதில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நெத்திலியும் சுறாவும் வாங்கலாம். கை வைத்தால் ஈரம் ஒட்டாமல், முறித்தால் முறிய வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவார்கள், நீலகிரிக்குள் அதற்குத் தடை. அதனால் வீட்டிலிருந்தே இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள். செய்தித்தாளில் இரண்டு சுற்று சுற்றி அதற்குள் வைத்தால் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரும் பஸ்ஸில் கண்டக்டரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவிலேயே விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்து ஈரக் காற்றில் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். வெயில் அடிக்கிற முதல் நாளில் முறத்தில் பரப்பிக் காயவையுங்கள். வெயிலே இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், பூனைக்கு எட்டாத உயரத்தில்.